ஷாஹிதா அக்கா வீட்டு ரோஸ் கவுன் கேக்

மண்ணரை, திருப்பூர்
ஞாயிறு மதியம்

அன்பு மகள் இந்துமதிக்கு, அம்மா சித்ராதேவி சொல்ல, தம்பி இளங்குமரன் எழுதுவது.

இதனால் அயர்லாந்து வாழ் பெருமக்களுக்கு அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டு ஓவனின் இடதுபக்கத் திருகு சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் தூசி துடைக்கும்போது கழன்று விழுந்தது. ஒட்டிப் பார்த்தும் பிழைக்கவில்லை, உடல் சமையலறை ஜன்னலில் வைக்கப்பட்டுள்ளது. இனி சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் அப்பாவின் குறடுதான். மற்றபடி இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறோம். இந்த வரி அம்மா சொன்னது. "நலம்" என்பதற்கு முன்னால் மட்டும் கொஞ்சம் யோசித்தாள்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய் என்று அம்மாவே சொல்கிறாள். ஃபோனில் நீ நல்லாருக்கேம்மா என்கிறாய், அம்மா நாங்களும் நல்லாருக்கறோம் கண்ணு என்கிறாள், அதற்குள் உனக்கு ஆஸ்பத்திரி டூட்டிக்கு நேரமாகிவிடுகிறது, இப்படியே நாள் போகிறது. சில விஷயங்களை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல அம்மாவால் முடியாதாம். அப்பாவோடு சாயப்பட்டறையில் வேலை செய்யும் பூபாலன் மாமா தன் மகளைப் பார்க்க வெள்ளிக்கிழமை உங்கள் ஊருக்கே விமானம் ஏறுகிறார், அவர் பெட்டியில் ஒரு கிலோ வறுத்த நிலக்கடலையும் உனக்கு இரண்டு பனியனும் இந்தக் கடிதமும் வருகின்றன. அம்மாவின் வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது. பயப்படாதே, எலும்பில் ஒன்றுமில்லை, நரம்பு வீங்கியிருக்கிறது, இன்னும் பத்து நாளைக்கு எதையும் பிழியவோ பிடிக்கவோ கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே சொல்வது அம்மா, எழுதுவது நான். நடுவில் என் சரக்கும் கலந்திருக்கும், சலித்துப் படித்துக்கொள்.

அப்பாவுக்கு இந்த மாதம் முழுக்கப் பகல் ஷிப்ட். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து அப்படியே தூங்கிப்போகிறார், நகக்கண்ணில் இந்த வாரம் நீலம். எனக்குப் பிளஸ் ஒன், படிக்கிறேன், படிப்பதாகத்தான் எல்லோரும் நம்புகிறார்கள். போன மாதம் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை வட்டமாக வெட்டி, மேலே கிரீம் பிழிந்து, செர்ரி வைத்து அப்பாவுக்குக் கொடுத்தேன், அவர் களைப்பில் இரண்டு வாய் மென்றுவிட்டு இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம் சித்ரா என்றார். நான் ஒரு வாரம் சிரித்தேன், அம்மா அரை நாள் சிரித்தாள். இப்போது அதுவும் இல்லை. அம்மா ஓவனை இன்னும் அவன் என்றுதான் சொல்கிறாள், அவன் சூடாயிட்டானா பாரு என்று கேட்டால் நான் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு இன்னும் இல்லைம்மா என்பேன், அதற்கு ஒரு சிரிப்பு கட்டாயம் உண்டு. இப்போது அவள் கேட்பதே இல்லை, அவனும் பத்து நாளாக ஆறிப்போய்க் கிடக்கிறான்.

ஆனால் ஒன்று தெரிந்துகொள், அம்மா வீட்டிலிருந்தே செய்யும் கேக் தொழிலில் இப்போது நான் வெறும் தட்டுக் கழுவுகிறவன் இல்லை. வெண்ணெய்க்கு ஊத்துக்குளிக்கு ரயிலேறிப் போவது நான், கப்கேக் மேல் சர்க்கரைப் பட்டன் ஒட்டுவது நான், நிறம் பார்ப்பதில் அம்மாவுக்கு அடுத்த கண் நான். அம்மா பதினான்கு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் நின்று, ஒரே மாதிரி இருக்கிற இரண்டு பீஸில் எது அரை நூல் வெளிறியது என்று நடந்துகொண்டே சொன்னவள், லைட்டுப் பெட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு மேனேஜரே சித்ராக்கா சொன்னாச் சரிதான் என்பாராம். அப்பா சாயம் கலக்குகிறவர். ஈரத்துணியில் தெரிகிற நிறத்தை நம்பாதே, காய்ந்தால் வெளிறும், அதனால் ஒரு பிடி கூடவே போடு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இந்த இரண்டு பேருக்கும் பிறந்தவனுக்கு நிறம் தெரியாமல் போகுமா சொல்.

சென்ற வாரத்துக்கு முந்தின வாரம் ஷாஹிதா அக்கா வீட்டு ஆர்டர் வந்தது. அவர்கள் பெண் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். குழந்தை அன்றைக்குப் போடப்போகிற கவுன் மாதிரியே ஒரு கேக், அதே நிறத்தில் இருபத்துநான்கு கப்கேக். நிறம் தவறக்கூடாது என்று கவுன் தைத்த துணியிலேயே உள்ளங்கை அகலம் வெட்டிக் கொடுத்திருந்தார்கள், தொட்டால் அழுக்காகிவிடும் போல ஒரு வெளிறிய ரோஸ். ஷாஹிதா அக்கா வீட்டுக்காரர் தௌபிக் அண்ணனுக்குக் காதர்பேட்டையில் மொத்த வியாபாரம், விருந்துக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் துணிக்காரர்கள், இது ஒன்று நன்றாக அமைந்துவிட்டால் இனி யாரிடமும் ஆர்டர் கேட்டு நிற்கவேண்டாம் என்று அம்மா சொன்னாள். இரண்டு நாள் நின்ற நிலையில் வேலை. கவுன் கழுத்து ஓரத்துக்குக் கிரீமைக் கோடாகப் பிழிந்து பைப்பிங் வைக்கும்போது, கம்பெனியிலும் கழுத்துக்கு வைக்கிறதுக்கு இதே பேர்தாண்டா, அங்கே மெஷின் வெச்சுது, இங்கே என் கை வெக்குது என்று சொல்லிக்கொண்டே வைத்தாள். பிற்பகல் வெயிலில் வாசலுக்கு எடுத்துப்போய்த் துணியைப் பக்கத்தில் வைத்துக் கிரீமில் நிறம் சேர்த்தாள், மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். வந்தபோது பொழுது இறங்கி, கரண்டும் போய்விட்டது, நிறம்தான் பார்த்தாகிவிட்டதே என்று எமர்ஜென்சி லைட்டிலேயே பூசி முடித்தாள். கரண்ட் வந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்தோம். காலையில் கதவைத் திறந்தால் உள்ளே பீட்ரூட் கலரில் ஒரு கவுன் படுத்திருக்கிறது.

அம்மா திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றாள், ஃப்ரிட்ஜ் கதவை மூடச் சொல்லிக் கத்த ஆரம்பித்தது. ஏங்கண்ணு, நீ ஏதாச்சும் வெளையாடுனயா என்று என்னைக் கேட்டாள், அதட்டிக் கேட்கவில்லை, அப்படி இருந்தால் தேவலை என்பது போலக் கேட்டாள். சென்னிமலை முருகன் மேல் சத்தியமாக விளையாடவில்லை என்றேன். பதினொரு மணிக்கு வண்டி வந்துவிடும். அப்போதுதான் உன் தம்பி களத்தில் இறங்கினான். எல்லாக் கிரீமையும் வழித்துவிடலாம், வெள்ளைக் கிரீம் பூசி, வழித்த ரோஸிலேயே புள்ளி புள்ளியாக வைத்தால் புள்ளி போட்ட வெள்ளைக் கவுன் ஆகிவிடும் என்று சொன்னது நான்தான், எழுதி வைத்துக்கொள். அம்மா மூன்று மணி நேரத்தில் இரண்டு நாள் வேலையை மறுபடி செய்தாள், முந்நூறு புள்ளிக்குக் குறையாது, மணிக்கட்டு வீங்கியது அன்றைக்குத்தான். விருந்தில் ஒரு பெரியவர் குழந்தையின் கவுனையும் கேக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, சாயம் மாறி வந்த துணியைக் கேட்பது போல, ஏனுங்க, கேக்கு வேற லாட்டுங்களா என்றார், எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள். ஷாஹிதா அக்கா தங்கமானவர், விடுங்கக்கா, எம்புள்ளைக்கு என்ன ஷேடு தெரியுமா, அது கையவே உள்ள உட்டுருச்சு என்று சொல்லி அம்மாவுக்குப் பிரியாணி கட்டிக் கொடுத்தார். அதை அம்மா தொடவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், என்னுங்க, எங்கண்ணு போச்சுங்க என்றாள். கிரீம் நிறம் பொழுது விடிவதற்குள் ஏறும், அது தெரிந்து வேண்டுமென்றே ஒரு பொட்டுக் குறைத்துத்தான் வைத்தாளாம், அப்படிக் குறைத்தும் இவ்வளவு ஏறியிருக்கிறது என்றால் குறைத்ததாக நினைத்தது கண்ணின் கோளாறுதான் என்றாள். அப்பா பாதித் தூக்கத்தில், வயசானா யாருக்கும் வர்றதுதானே என்றார், ஆறுதலாகச் சொல்வதாக நினைப்பு. அன்று முதல் அம்மா வந்த ஆர்டர் எதையும் எடுக்கவில்லை. தையல் மெஷின் பக்கத்தில் கிடந்த நூல்கண்டுகளை ஜன்னலில் வெளிர் முதல் அடர்த்தி வரை இடது கையால் வரிசையாக வைத்துவிட்டு, சரியா இருக்குதா பாருடா என்கிறாள். பதினேழு கண்டு, ஒன்றுகூடத் தப்பவில்லை. சரிம்மா என்றால் நம்புவதில்லை, நீ எனக்காகச் சொல்ற என்கிறாள், கலைத்துவிட்டு மறுபடி அடுக்குகிறாள். நேற்றுப் பழைய கம்பெனியில் செக்கிங் ஆட்களை வைத்து வேலை வாங்கும் மணியன் அண்ணனைப் போய்ப் பார்த்தாள். நூல் வெட்டுற வேலை இருக்குதுங்கக்கா, அதுக்கு ஷேடெல்லாம் பாக்க வேண்டியதில்லை என்றாராம். கட்டுப் பிரித்ததும் போகப்போகிறாள்.

இப்போது அம்மா சொல்லி நான் எழுதவேண்டிய வரி. இந்து கண்ணு, உன் முதல் சம்பளத்தில் நீ எனக்கு வாங்கிக் கொடுத்த ஓவனை அடுத்த தெரு நிர்மலாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன், அவள் நன்றாகச் செய்வாள், கண் தெரியாதவள் வீட்டில் அது எதற்கு, நீ மனசில் வைத்துக்கொள்ளாதே. இதை எழுதும்போது மை வரவில்லை என்று பேனாவை இரண்டு தரம் உதறினேன். மை வந்துகொண்டுதான் இருந்தது.

மற்றபடி நீ டூட்டிக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே, நிலக்கடலையை ஒரே நாளில் காலி பண்ணாதே, அங்கே ஆஸ்பத்திரியில் உனக்கும் ஒருமுறை கண்ணைச் சோதித்துக்கொள், இது வம்சத்தில் வருவதாக இருக்கலாம் என்று அம்மா சொல்கிறாள். முருகன் உன்னைக் கூடவே நின்று பார்த்துக்கொள்வான், நீ நூறு வருஷம் நல்ல கண்ணோடு நல்ல கையோடு இருக்கவேண்டும் என்பது அம்மா அப்பாவின் ஆசீர்வாதம். கடிதம் கிடைத்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு.

அம்மா மாடியில் துணி எடுக்கப் போயிருக்கிறாள், ஒரு கையால் எடுக்கிறாள், அதனால் எனக்கு ஐந்து நிமிஷம் இருக்கிறது. அக்கா, மேலே நிறம் பார்க்கிற இரண்டாவது கண், களத்தில் இறங்கினான் என்றெல்லாம் எழுதியிருக்கிறேனே, அதையெல்லாம் நீயே அடித்துவிடு. அன்றைக்கு அம்மா குளிக்கப் போனபோது நான் மூடியைத் திறந்து துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கிரீம் ஒரு பொட்டு வெளிறித் தெரிந்தது. அம்மா வேண்டுமென்றே குறைத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. அம்மா தப்பவிட்டதை நான் பிடித்துவிட்டேன் என்று தலைகால் புரியவில்லை, காய்ந்தால் வெளிறும் என்று அப்பா சொல்கிற கணக்கையும் சேர்த்து, ரோஸ் கலரில் மூன்று சொட்டு விட்டுக் கலக்கி, பழையபடி மூடி வைத்துவிட்டேன். துணியில் வெளிறுகிறது கிரீமில் ஏறும் என்று எனக்கு யார் சொன்னார்கள். விளையாடினாயா என்று அம்மா கேட்டாள், நான் விளையாடவில்லை என்று சத்தியம் செய்தேன், அது பொய் இல்லை என்று பத்து நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிறந்ததிலிருந்து நான் விளையாடாமல் செய்த ஒரே வேலை அதுதான் அக்கா. அம்மாவின் கண்ணில் ஒன்றுமில்லை. ஒரு பொட்டு என்றால் ஒரு பொட்டுதான் குறைத்திருந்தாள். படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துக் காட்டாமல் அம்மா கையெழுத்துப் போடமாட்டாள் என்பது உனக்குத் தெரியும். கீழே அவள் இடது கையால் போட்ட கையெழுத்து கோணலாகவாவது இருந்தால், இந்தப் பத்தியையும் நான் சத்தமாக வாசித்துவிட்டேன் என்று புரிந்துகொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
சித்ராதேவி

பி.கு. ஓவன் திருகு அங்கே கிடைக்குமா பார் கண்ணு.