கோட்டில் வைத்த கையெழுத்து

என் அன்புக்குரிய அண்ணை,

நான் வாய் மூடி இருந்தது போதும். நீங்கள் உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய விசயம் இது. சொல்லவில்லை. இப்போது பத்திரிகைக்கு எழுதுகிறேன், உங்களோடு சேர்ந்து மற்றவர்களும் கேட்கட்டும்.

முதலில் ரோமாபுரிச் செய்தி. கேட்காமல் உங்களுக்குச் சாப்பாடு இறங்காதே. அங்கே ஒரு மாற்றமும் இல்லை. நாங்கள் இத்தாலிக்கு வந்து பலெர்மோ நகரில் மாடிப்படி கழுவத் தொடங்கிய காலத்தில் தொலைக்காட்சியில் பேசிக்கொண்டிருந்த ஆட்கள் இன்னமும் பேசுகிறார்கள். தலைமயிர் மட்டும் அப்போதையைவிடக் கறுப்பு. கட்சியின் பெயர் மாறுகிறது, சின்னம் மாறுகிறது, கதிரையில் இருக்கிற ஆள் மாறுவதில்லை. தோற்றுப் போனவர் தொலைந்தார் என்று நினைத்தால், அடுத்த கூட்டணியின் வாசலால் உள்ளே வந்து கும்பிடுகிறார். செனட்டுக்கு நிற்க நாற்பது வயதாக வேண்டும் என்று எழுதி வைத்தவர்கள், எந்த வயதில் எழும்பிப் போகவேண்டும் என்று எழுதவில்லை. மறந்துவிட்டார்களா?

இந்த இடத்தில் நீங்கள் சிரிப்பீர்கள். "உனக்கு அந்தக் கிழவங்களில என்னடா இவ்வளவு கோவம்?"

உங்களுக்கு ஏன் கோபம் வரவில்லை என்று எனக்குத் தெரியும். உங்களுடைய அந்த ஒனொரேவொலே. பாராளுமன்றத்தில் ஒருமுறை இருந்துவிட்டால் சாகும்வரை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிட வேண்டுமாம். அவர் வீட்டில் ஒன்பது வருடம் சமைத்தீர்கள். அவருடைய தாயைத் தூக்கிக் குளிப்பாட்டினீர்கள். ஒன்பது வருடமும் அவர் உங்களைப் 'பிலிப்பினோ' என்றுதான் கூப்பிட்டார். வீட்டு வேலைக்கு எந்த நாட்டுக்காரன் வந்தாலும் அங்கே அதுதான் பெயர். உங்கள் குடியுரிமைக் கோப்பு எங்கேயோ தடைப்பட்டுக் கிடந்தபோது அவர் ஒரு தொலைபேசி எடுத்தார். அவ்வளவுதான் செய்தார். சட்டப்படி உங்களுக்கு வரவேண்டியதைத் தன் கையால் தந்ததுபோலக் காட்டினார். நீங்களும் நம்பி, அவருடைய கட்சிக்கே ஆயுள் முழுக்க நேர்ந்துவிட்டதுபோல இருந்தீர்கள்.

எனக்கு அவர் தொலைபேசி எடுக்கவில்லை. தன் வீட்டு நடைக்கூடத்தில் மூன்று மணித்தியாலம் நிற்க வைத்துவிட்டு, நாளைக்கு வா என்றார். நாளைக்கும் போய் நின்றேன். அதை நான் மறக்கமாட்டேன், அண்ணை. எனக்குக் கடவுச்சீட்டு வர இன்னும் ஐந்து வருடம் எடுத்தது.

பிறகு இரண்டு குடும்பமும் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தோம். இங்கே இருந்தாலும் வாக்கு அங்கேதான், சீட்டு தபாலில் வரும். முதல் முறை வந்த அன்று நீங்கள் சேர்ட் அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு குசினி மேசையில் இருந்தீர்கள். ஒனொரேவொலேயின் கட்சிச் சின்னத்தில் புள்ளடி போட்டீர்கள். பக்கத்தில் கோடு ஒன்று இருந்தது. வேட்பாளரின் பெயரை எழுத விரும்பினால் எழுதுவதற்கான கோடு. நீங்கள் அதில் உங்கள் பெயரை எழுதி, வடிவாகக் கையெழுத்தும் வைத்தீர்கள்.

உங்களைக் குறை சொல்ல முடியுமா? வாழ்க்கை முழுக்கக் கோடு கண்ட இடமெல்லாம் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். விசா படிவத்தில் கோடு, வேலை ஒப்பந்தத்தில் கோடு, இங்கே வந்தால் அன்ட்ராக் என்கிற ஒவ்வொரு விண்ணப்பத்திலும் கோடு. கையெழுத்து இல்லை என்று திரும்பி வந்த படிவங்களுக்காக எத்தனை கந்தோர் ஏறி இறங்கினீர்கள்.

"தம்பி, நீ படிச்சனி. ஒருக்காப் பார், சரியோ எண்டு" என்று சீட்டை என் பக்கம் தள்ளினீர்கள்.

பார்த்தேன். யார் போட்டது என்று அடையாளம் தெரிந்தால் அந்தச் சீட்டு செல்லாது. உறையோடு வந்த விளக்கத் தாளை முதல் நாளே வாசித்திருந்தேன். சின்னத்தையும் பார்த்தேன். அந்த நடைக்கூடம் நினைவுக்கு வந்தது.

"சரி அண்ணை. ஒட்டுங்கோ" என்றேன்.

அந்தக் கிழவனுக்கு ஒரு வாக்குக் குறைந்தது என்று வீடு போகும்வரை எனக்குள்ளே சந்தோசப்பட்டேன். அடுத்த தேர்தலிலும் நீங்கள் கேட்டீர்கள். அதே பதிலைச் சொன்னேன். உங்கள் மேசையில் இருந்து, உங்கள் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு.

பிறகு அந்த வாக்கெடுப்பு வந்தது. குடியுரிமை கேட்கப் பத்து வருடம் இருக்கவேண்டும் என்பதை ஐந்தாக்கலாமா என்ற கேள்வி. என் வாழ்நாளில் வெல்லவேண்டும் என்று நான் மனதார நினைத்த ஒரே வாக்கு அதுதான். உங்கள் மனுசி எங்கள் எல்லோருக்கும் அக்கா. அவவின் தம்பி பலெர்மோவில் இன்னமும் காத்துக்கொண்டு இருக்கிறார், உங்களுக்கும் அது சொந்த விசயம். பெரிய தலைகள் போய் வாக்குப் போடாதேங்கோ, வீட்டில் இருங்கோ என்றபோது முதல் தடவையாக நீங்கள் அவர்களைத் திட்டினீர்கள்.

"அவையின்ர தாய்மாரைக் குளிப்பாட்ட நாங்கள் வேணும். எங்கட பிள்ளையளுக்கு ஒரு கடதாசி குடுக்க ஏலாதாம்!"

அன்று உங்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. இத்தாலிக் கடவுச்சீட்டு உள்ள தமிழரையெல்லாம் சேர்த்தீர்கள். நான் வேலை முடிந்து வரும்போது மேசையில் ரோல்ஸ், பக்கத்தில் ஒட்டி முடித்த எட்டு உறைகள்.

"எல்லாருக்கும் நானே சொல்லிக் குடுத்தனான். இந்தமுறை கோடு இல்லை. எண்டாலும் அடியில கையெழுத்தை வடிவா வையுங்கோ எண்டனான்."

"அண்ணைதான் எங்கட தேர்தல் ஆணையாளர்" என்று யாரோ பகிடி விட, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். உறைகளைப் பிரித்து, துணைத் தூதரகத்துக்குத் தொலைபேசி எடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் என்னைப் பார்த்து, "அப்ப போனமுறை நீதானே பார்த்தனி?" என்று கேட்பீர்களே. அந்தக் கேள்விக்குப் பயந்து எட்டுப் பேரின் வாக்கைத் தபாலில் போக விட்டேன். போதிய ஆட்கள் போடவில்லை என்று அந்த வாக்கெடுப்புத் தோற்றது. எங்கள் எட்டால் தோற்கவில்லை. அதைச் சொல்லி என் மனம் ஆறவில்லை. ஒரு பிழையைச் செய்துவிட்டு, அதிலிருந்து எழும்ப மனமில்லாமல், கதிரைபோல அதன்மேலேயே வருடக்கணக்காக இருந்தேன். யாரைப் பார்த்து இதைப் பழகினேன் என்று நினைக்கிறீர்கள்?

கார்த்திகையில் நீங்கள் போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்த நேரத்திலும் கால்பந்தாட்டம்தான் கதைத்தேன்.

இந்த மாதம் மறுபடி உறைகள் வந்தன. கேள்வி வேறு, அதை விடுங்கோ. அக்கா தொலைபேசி எடுத்தா.

"தம்பி, சனிக்கிழமை எல்லாரும் வருகினம். அவர் செய்த மாதிரியே செய்வம். ஒண்டும் மாத்தக்கூடாது."

ஒன்றும் மாற்றக்கூடாது. உங்கள் நினைவாக ஏழு பேர் மறுபடி கையெழுத்து வைக்கப் போகிறார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் போனேன். அக்கா ரோல்ஸுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு இருந்தா. எல்லாவற்றையும் சொன்னேன், நடைக்கூடம் உட்பட.

"அவருக்குத் தெரியுமோ?"

"இல்லை அக்கா."

"உனக்கு?"

"முதல் நாளே தெரியும்."

கத்தியைக் கீழே வைத்தா. "ரோமில இருக்கிறவங்களைப் பற்றி இந்தக் குசினியில எத்தனை நாள் கத்தினனி! கத்தி முடியுமட்டும் உன்ர தேத்தண்ணியைத் திரும்பத் திரும்பச் சூடாக்கித் தந்தனான். இந்த ஒரு வசனம் உனக்கு வாயில வரேல்லையோ?"

கத்தியை மறுபடி எடுத்தா.

"நாளைக்கு நீயே எல்லாருக்கும் சொல்லு. அவர் இருந்த கதிரையில இருக்காதை. நிண்டுகொண்டு சொல்லு."

நின்றுகொண்டு சொன்னேன். "அப்ப அண்ணையின்ர வாக்கு ஒண்டுகூட எண்ணுப்படேல்லையோ?" என்று ஒருவர் கேட்டார். "நீயெல்லாம் படிச்சவன்!" என்று இன்னொருவர் ரோல்ஸைக் கடித்தபடியே திட்டினார். யாரும் எழும்பிப் போகவில்லை. ஏழு பேரும் கையெழுத்து இல்லாமல் போட்டார்கள். அக்கா மட்டும் பேனையைக் கனநேரம் கையில் வைத்துக்கொண்டு இருந்தா. பிறகு மூடினா.

என் கோபம் குறையவில்லை, அண்ணை. குறைக்கவும் மாட்டேன். அந்தக் கிழவர்களை இனியும் திட்டுவேன். ஆனால் ஒன்று சத்தியம். இனி உறை வரும் ஒவ்வொரு முறையும் அந்த மேசைக்குப் போவேன். யாராவது நான் வெறுக்கிற அந்தச் சின்னத்துக்கே புள்ளடி போட்டாலும், அது செல்லும்படி சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வருவேன்.

இதை எழுதப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். "எழுது. ஆனா பேர் போடாதை. உன்ர பேரைப் பார்த்தால் அவர் ஆரெண்டு சனத்துக்குத் தெரியும். செல்லாத வாக்குப் போட்ட மனுசன் எண்டு ஒருத்தரும் சிரிக்கக் கூடாது" என்றா. எனக்கோ பெயரைப் போடத்தான் ஆசை. ஊர் அறியத் திட்டு வாங்கினால் கொஞ்சம் பாரம் குறையும் அல்லவா? அந்த ஆறுதலை எடுத்துக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை. நாளைக் காலை இதைப் பெயர் இல்லாமலே தபாலில் போடுகிறேன்.

உங்களை அண்ணை என்று கூப்பிட்ட
தம்பிமாரில் ஒருவன்