கேம் பெட்டியின் அடிப்பக்கம்

சவோரி,

சாதம் குக்கரில் இருக்கிறது. அயிலை மீன் இரண்டு துண்டு சுட்டு மூடி வைத்திருக்கிறேன். நான் சாப்பிடவில்லை. பன்னிரண்டு மணிக்கு உன் அண்ணன் சாப்பிட வருவார். பார்லி டீ ஃபிரிட்ஜில்.

அவர் கேட்ட பழைய வீடியோ கேம் பெட்டி ஓடுகிறது. வீங்கிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றி, இப்போதைய டிவியில் படம் வரும்படி வயரும் இழுத்துவிட்டேன். மஞ்சளித்த மேல்மூடி மருந்து தடவி பால்கனி வெயிலில் வெளுக்கிறது. வந்ததும் எடுத்துவிடு, விட்டால் திட்டுத்திட்டாகிவிடும்.

நேற்று நான் கத்தியது தப்புதான். மூன்று வாரம் உட்கார்ந்து சரிபண்ணியதை, "அண்ணன் சாமான்தானே, கேட்டா குடுத்துட்டுப் போங்களேன்" என்று நீ சுலபமாகச் சொன்னதும் சுர்ரென்று ஏறிவிட்டது.

மூடிக்கு ஒரு ஸ்க்ரூ குறைகிறது. நிப்பொன்பாஷி எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு வரை போகிறேன். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சாவி குடைக்கூடையில்.

ஷூ மாட்டியபின் திரும்பி வந்து எழுதுகிறேன். காலையில் அடிப்பக்கத்து ஸ்டிக்கர் பிசினைத் துடைத்தபோது, அண்ணன் மார்க்கரில் எழுதியிருந்த அவர் பெயரும் கரைந்துவிட்டது. அதற்கடியில் ஆணியால் கீறிய பெயர் ஒன்று. சிறுபிள்ளைக் கையெழுத்து, நடு எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறியிருக்கிறது. சவோரி.

நீ இதில் விளையாடியதில்லையா என்று கேட்டால், "நான் பக்கத்துல உக்காந்து பாத்தது மட்டுந்தான்" என்பாயே.

அண்ணன் வந்ததும் பெட்டியைக் கவிழ்த்து, அடிப்பக்கம் தெரிய அவர் முன்னால் வை. கொடுப்பதா வேண்டாமா என்று நீயே சொல்.

தெத்சுயா

மீனில் பெரிய துண்டு உனக்கு. அதையும் அவர் தட்டில் வைத்துவிடாதே.