படுகளத்தில் வராத அருள்

திருப்பூர் தனி மாவட்டமான வருடம், பங்குனி, ஞாயிறு.

மகள் வயிற்றுப் பேத்தியும் அவளுடைய பனியன் கம்பெனித் தோழியும் ஆளுக்கொரு வேடமாகி, மேசையில் பகடை உருட்டிக் கதை விளையாடினார்கள். ஆள் போதாமல் என்னைப் போர்வீரனாக்கினார்கள். நான் உருட்டியதில் ஒன்றுதான் விழுந்தது.

"உங்க தம்பி போருல செத்துட்டானுங்க, அப்புச்சி," என்று பேத்தி கதையை நகர்த்தினாள்.

நாற்காலியிலேயே அழுதுவிட்டேன்.

"ஏனுங்க, வெறும் வெளையாட்டுங்க! டீ ஆறுது பாருங்க," என்று தோழி சிரித்தாள்.

இளவயதில் கோயில் திருவிழாவில், வீரர்கள் போரில் மாண்டதை நடத்திக்காட்டும் படுகளத்தில் வீரவேடம் கட்டி நால்வர் விழுந்தோம். அருள் வந்தவன், தண்ணீர் தெளித்து எழுப்பும்வரை பிணமாகக் கிடப்பான். இன்று விளையாட்டில் அழுகை வந்ததுபோல் அன்று எனக்கு அருளே வரவில்லை. எறும்பு கடித்தது தெரிந்தும் அசையாமல் கிடந்தேன். யாரிடமும் சொன்னதில்லை, முதியோர் பள்ளியில் கற்ற எழுத்தில் இந்த நோட்டில்தான் எழுதுகிறேன்.

மற்ற மூவருக்கும் வந்ததா? கேட்கலாமென்றால், உயிரோடு மிச்சமிருப்பவன் வெள்ளகோவில் பழனிச்சாமி ஒருவன்தான்.