'சரி' என்பதை அழுத்தியதால் ரத்தான கண் அறுவைச் சிகிச்சை

அனுப்புநர்:
அச்சகப் பிழைதிருத்துநர் (வயது 54),
மாடி வீடு, மூன்றாம் சந்து.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு கண் மருத்துவமனை.

பொருள்: இணையப் பக்கத்தின் பொத்தான்களைத் திருத்தவும், என் அக்காவுக்குப் பறிபோன நாளுக்கு மாற்று நாள் தரவும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: முப்பது ஆண்டுகளாக அடுத்தவர் எழுத்தில் பிழை பிடித்தே சாப்பிடும் நான், இரண்டெழுத்துச் சொல் ஒன்றைத் தப்பாகப் படித்து, கூடப் பிறந்தவள் கண்ணில் மண்ணள்ளிப் போட்டுவிட்டேன்.

2. அக்கா தையல்காரி, வயது அறுபத்திரண்டு. ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மறு கண்ணில் புரை முற்றிவிட்டது, இந்த மாதத்துக்குள் அறுத்தாக வேண்டும் என்று தங்கள் மருத்துவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். சென்ற வாரம் ஒரு சட்டைக்குப் பையை முதுகில் வைத்துத் தைத்துவிட்டாள். சட்டைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

3. நாள் வாங்க இணையம் ஒன்றே வழி என்றார்கள். கண் மங்கியவர்களுக்கான அந்தப் பக்கத்தில் வெள்ளைமேல் வெளிர்சாம்பல் எழுத்து. சுண்ணாம்புச் சுவரில் சுண்ணாம்பால் எழுதியது போல. பிறந்த தேதி கேட்டால் நாட்காட்டி இந்த மாதத்தில் திறக்கிறது. அக்கா பிறந்த மாதத்துக்குப் போக அம்புக்குறியை எழுநூறு தடவைக்கு மேல் அழுத்தினேன். பாதியில் நேரம் முடிந்ததென்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. மறுபடி அழுத்தினேன். பிறகு, வந்திருப்பது மனிதப் பிறவிதானா என்று சோதிக்க, ஒன்பது மங்கல் படங்களில் பேருந்துகளைப் பொறுக்கச் சொன்னது. பக்கத்திலிருந்த அக்கா, "பஸ்ஸு தெரிஞ்சா நான் ஏன்டா ஆஸ்பத்திரிக்குப் போறேன்?" என்றாள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்கு நாள் வாங்கியபோதும் இதே எழுத்து, இதே நாட்காட்டி. அப்போதும் மனு கொடுத்தேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தபோது அம்மா இல்லை.

4. எப்படியோ நாள் கிடைத்தது: இருபத்திரண்டாம் தேதி, காலை ஒன்பதரை. அத்தோடு கணினியை விட்டு எழுந்திருக்க வேண்டும். ஆனால் சீட்டில் 'கண்புரை' என்பது 'கன்புரை' என்றிருந்தது. என் கை சும்மா இருக்குமா? திருத்த முந்தைய பக்கத்துக்குப் போனேன். 'பதிவை ரத்து செய்யவா?' என்று கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள்: 'சரி', 'ரத்து'. ரத்து வேண்டாம் என்பவன் 'ரத்து' என்பதையா அழுத்துவான்? இருப்பது இருக்கட்டும், சரி என்று 'சரி'யை அழுத்தினேன். 'தங்கள் பதிவு வெற்றிகரமாக ரத்து செய்யப்பட்டது' என்று பச்சை டிக் போட்டுப் பாராட்டியது. இனிக் காலியிடம் ஐந்து மாதம் கழித்துத்தானாம்.

5. அக்கா ரத்தான சீட்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். பிறகு, "எனக்குத்தான் கண்ணு தெரியல. உனக்கு?" என்றாள். அதோடு பேச்சு நின்றது.

6. ஆகவே, அந்தப் பொத்தான்களில் 'ஆமாம், ரத்து செய்', 'வேண்டாம், இருக்கட்டும்' என்று எழுதவும், அதற்கும் முன்னால் அக்காவுக்கு இந்த மாதத்துக்குள் ஒரு நாள் ஒதுக்கவும் கைகூப்பிக் கேட்கிறேன். 'கன்புரை' அப்படியே இருக்கட்டும், நான் தொடமாட்டேன்.

இடம்: அச்சகத்தின் பின்னறை
நாள்: பத்தாம் தேதி, புதன்

பணிவுடன்,
(கையொப்பம்)
நோயாளியின் தம்பி

இணைப்பு:
அ. அக்காவின் ரத்தான சீட்டு.
ஆ. அதே நாள், அதே ஒன்பதரை மணிக்கு என் மைத்துனர் பெயரில் வழங்கப்பட்ட சீட்டு. மறுநாள் காலை, அக்காவின் இடம் காலியென்று காட்டியபோது, அதே கணினியில், பிறந்த தேதியைக் கட்டத்திலேயே தட்டி, மூன்று நிமிடத்தில் தன் அண்ணனுக்காக என் மனைவி எடுத்தது. (இதை அக்காவுக்குக் காட்ட வேண்டாம்.)