அத்தை தள்ளிவிட்ட சாப்பாடு

பிப்ரவரி 9
மருமகளாக வந்து இருபத்தொன்பது வருஷம். என் சமையலை அத்தை குறை சொல்லாமல் இன்றோடு நாற்பது நாள். பக்கவாதம், மூக்கில் குழாய். கஞ்சி, பருப்புத் தண்ணீர், மோர் எல்லாம் நாக்கைத் தொடாமலே இறங்குகிறது. உப்பு போட்டேனா என்று எனக்கே நினைவிருப்பதில்லை.

பிப்ரவரி 11
மறுபடி குழாயைப் பிடுங்கிவிட்டார். மூன்றாவது தடவை. நர்ஸ் ஜென்சி திரும்பப் போட்டு, கையைத் துணியால் சுற்றிக் கட்டினாள். "தெரியாம இழுக்கிறாங்கக்கா."
தெரியாமலா? அசைவது இடது கை மட்டும். அது நேரே மூக்குக்குத்தான் போகிறது.

பிப்ரவரி 13
ஏகாதசி. நாற்பது வருஷம் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருந்தவர். இன்று ஆறு வேளை, வேளைக்கு இருநூறு மில்லி. ரெங்கநாதர் யாரைக் கோபித்துக்கொள்வார், அத்தையையா, ஊற்றிய என்னையா?

பிப்ரவரி 15
நெஞ்சில் களகளவென்று சத்தம். டாக்டர் பிரிட்டோ வந்து குழாயை எடுத்தார். "ஊத்துறது நுரையீரலுக்குப் போகுது. இனி தேற மாட்டாங்க. திரும்பப் போடணுமான்னு நாளைக்குச் சொல்லுங்க. பசின்னு பயப்படாதீங்க, அந்தக் கட்டத்தைத் தாண்டிட்டாங்க."
நாத்தனார் சித்ராதேவி துவாக்குடியிலிருந்து ஓடி வந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து அம்மாவோடு செல்ஃபி எடுத்துக்கொள்கிறவள். "எங்கம்மாவைப் பட்டினி போடப் போறீங்களா அண்ணி?"
என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார். "கூட இருக்கறவ நீதானே. நீயே சொல்லு."
ஜன்னல் திரைக்கு என்ன நிறம் என்றுகூட என்னிடம் கேட்காத வீடு. உயிருக்கு மட்டும் கேட்கிறது! வேண்டாம் என்றால் மாமியாரைக் கொன்ற மருமகள். போடுங்கள் என்றால் நல்ல மருமகள் — கையைக் கட்டிப்போட்ட நல்ல மருமகள்.

பிப்ரவரி 16
பிடிக்காத சாப்பாட்டை அத்தை எப்போதும் இடது கையால்தான் தள்ளுவார், ஒரு வார்த்தை பேசாமல். எத்தனை நாள் அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன். அதே கை. அதே தள்ளல். இந்த வீட்டில் அது என்னைத் தவிர யாருக்குப் புரியும்?
போனில் சொன்னேன்: "போட வேண்டாம் டாக்டர்."
சொல்லிட்டேன். ஐயோ, நான் செஞ்சது சரிதானா?

பிப்ரவரி 18
உதட்டை ஈரமாக வைக்கச் சொன்னார் டாக்டர். பிடித்த ருசி ஒரு சொட்டு வைக்கலாமாம். பஞ்சில் காபி தொட்டு வைத்தேன். அத்தை முகத்தைச் சுளித்தார்.
"வலிக்குதா அம்மாவுக்கு?" இரண்டு நாளாக என்னோடு பேசாத சித்ராதேவி பதறினாள்.
"இல்ல. சர்க்கரை ஜாஸ்தி."
இருவரும் சிரித்துவிட்டோம். அப்புறம் அவள் அழுதாள். நானும்.

பிப்ரவரி 23
அத்தை போய் மூன்றாம் நாள். காரியம் முடியும்வரை சித்ராதேவி இங்கேதான். காலையில் பழக்கதோஷத்தில் அத்தை டம்ளரில் காபி ஆற்றி வைத்துவிட்டேன். சர்க்கரை அரை ஸ்பூன். அவள் எடுத்துக் குடித்தாள். பாதியில் நிறுத்தி, டம்ளரை இடது கையால் என் பக்கம் தள்ளினாள்.
"சர்க்கரை பத்தலை அண்ணி."