புள்ளி வைத்த கிளாஸ்

சாவகச்சேரி,
18-8-1934, சனிக்கிழமை.

அன்புள்ள மகன் செல்வத்துரைக்கு அம்மா எழுதுவது,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் மூன்று பேரும் எழும்பி நடமாடித் திரிகிறோம், நீயும் கடலுக்கு அப்பால் ஈப்போவில் காய்ச்சல் தலையிடி ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் ஐயாவுக்குக் குதிக்கால் உளைவு இன்னும் விட்டபாடில்லை, எண்ணெய் பூசச் சொன்னால் பூசமாட்டார், அனுங்குவது மட்டும் குறைவில்லை. உன் தங்கச்சி சீலா விடுமுறைக்கு விடுதியில் இருந்து வந்து நிற்கிறாள், ஆளும் வளர்ந்துவிட்டாள், வாயும் வளர்ந்துவிட்டது. சோளகக் காற்றுப் போட்டு அடிக்கிறது, வீடு முழுக்கப் புழுதி, வளவில் பனம்பழம் விழுந்து கிடக்கிறது, பொறுக்கிப் பிழிந்து பினாட்டுக் காயப்போட எனக்கு இந்தமுறை மனமில்லை. சுகம் என்று எழுதினேன், அது உடம்புச் சுகம்தான் மகன். போன கடிதத்தில், நீ அனுப்பின சின்னக் கிளாஸ்கள் சபைக்கு உதவினவோ என்று கேட்டிருந்தாய். எங்கள் ஊர்ச் சபையும் பெரிய பட்டினத்துச் சபைகளைப்போல ஆளுக்கொரு கிளாஸில் திருவிருந்து எடுக்கிறது என்று அங்கே உன் சிநேகிதருக்கெல்லாம் சொன்னாயாம். அதை வாசித்ததில் இருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு தரம் பதில் எழுதத் தொடங்கிக் கிழித்துப்போட்டேன். இன்றைக்கு எழுதியே தீரவேண்டும், ஏனென்றால் நாளைக்குத் திருவிருந்து.

உனக்கு நான் பொய் எழுதினேன். எல்லாரும் ஒரே வெள்ளிக் கிண்ணத்தில் வாய்வைத்துக் குடிப்பதால் சயரோகம் பரவும், கனகசபாபதி வாத்தியார் இருமுகிற இருமலைக் கேட்டால் பயமாய் இருக்கிறது, அங்கே சின்னக் கிளாஸ் கிடைத்தால் ஒரு நாற்பது வாங்கித் தட்டத்தோடு அனுப்பு என்று தை மாதம் எழுதினேன் அல்லவா. வாத்தியார் இருமுகிறது மெய்தான். ஆனால் அவர் பத்து வருஷமாய் இருமுகிறார், பத்து வருஷமாய் அந்த மனிசன் வாய்வைத்த கிண்ணத்தில்தான் நானும் குடித்தேன், சயரோகம் ஒருநாளும் என் நினைவில் வந்ததில்லை. வந்தது வேறு ஒன்று. எங்கள் பனைகளில் கள்ளுச் சீவின அடைக்கலநாதனை உனக்குத் தெரியும், அப்போது அவனுக்கு வேறு பெயர். நேசையா போதகரிடம் மூன்று வருஷம் வேதம் கேட்டு, நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின கிழமை ஞானஸ்நானம் எடுத்தான். கள் விஷயத்தில் எங்கள் சபை எவ்வளவு கண்டிப்பு என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. தொழிலை விட்டால்தான் சேர்ப்போம் என்றார்கள், விட்டான். பாளைக் கத்தியைக் கொண்டுவந்து போதகர் வீட்டில் வைத்துவிட்டு இப்போது கூலிக்குத் தோட்டம் கொத்துகிறான். கேட்டதெல்லாம் செய்துவிட்டான். பிறகுதான் எங்களுக்குத் திடுக்கென்றது, இனிமேல் அவனும் அதே கிண்ணத்தில் வாய்வைப்பானே என்று. வாத்தியார்தான் முதலில் சுகாதாரம் என்று தொடங்கினார், சபை மூப்பராய் இருக்கிற உன் ஐயா அதை ஆமோதித்தார், கடிதம் எழுதினது நான். போதகர், பாவம், சுகாதாரம் என்றே நம்பி, கிளாஸ்கள் வரும்வரைக்கும் திருவிருந்தைத் தள்ளிவைத்தார்.

பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்குப் பலகையில் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது ஊர் எப்படிக் கொதித்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு உன் ஐயா எழும்பி நின்று அது நியாயம்தான் என்று கதைத்தார், எனக்கு அவ்வளவு பெருமையாய் இருந்தது. வாங்கு என்றால் கழுவிவிடலாம், வாய் என்று வரும்போதுதான் மனிசரின் நிறம் தெரிகிறது.

இன்னும் கேள். கிளாஸ்கள் பங்குனியில் வந்தன, இரண்டுதான் உடைந்திருந்தன, பார்க்க அவ்வளவு வடிவு. முந்திரிகைப் பழ வற்றலை அவித்து ரசம் எடுப்பதும், முடிந்தபின் கழுவி அலுமாரியில் வைப்பதும் நான்தானே. வாத்தியார் வந்து பார்த்துவிட்டு, எல்லாம் ஒரேமாதிரிக் கிடக்குதே, கழுவினாப் பிறகு அவன் குடிச்சது எது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது எண்டு கேட்டார். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அவர் கேட்கமுன்னமே அது எனக்குத் தோன்றிவிட்டது. வண்டில் சில்லுக்குப் பூசின சிவப்புப் பெயின்ற் கொஞ்சம் மிச்சம் இருந்தது, ஈர்க்கில் தோய்த்து ஒரு கிளாஸின் விளிம்புக்குக் கீழே கடுகளவில் ஒரு புள்ளி வைத்தேன். உன் ஐயா அடைக்கலநாதனைத் தனியே கூப்பிட்டு, தட்டம் வரேக்கை புள்ளி போட்டதைப் பாத்து எடு எண்டு சொன்னார். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனானாம். அவன் இருக்கிறது கடைசி வாங்கு, தட்டத்தின் கடைசித் துளையில் அந்தக் கிளாஸை வைப்பேன், சித்திரை மாதத் திருவிருந்து ஒரு சத்தமும் இல்லாமல் நடந்தேறியது. நாங்கள் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டோம்.

ஆனி மாதத் திருவிருந்தில், வழக்கமாய்த் தட்டம் கொண்டுவருகிற ஐயா காலுளைவால் எழும்ப முடியாமல் இருக்க, தட்டத்தை வாத்தியார் எடுத்தார். மனிசன் இருமிக்கொண்டு அதை மறுபக்கம் திருப்பிப் பிடித்து, ஆண்கள் பக்கம் போகாமல் நேரே பெண்கள் பக்கம் முன் வாங்குக்கு வந்துவிட்டார். முதல் ஆள் நான். எடுத்தேன், கண்ணை மூடிச் செபித்தேன், திறந்து பார்த்தால் என் பெருவிரலுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி. நானே சுடுதண்ணீரில் மூன்று தரம் கழுவின கிளாஸ், நானே அவித்து ஊற்றின ரசம், கர்த்தர் எனக்காகச் சிந்தின இரத்தம் என்று அறிவு தெரிந்த நாளில் இருந்து விசுவாசித்தது. குடிக்க முடியவில்லை. வாயில் வைக்கிறமாதிரி வைத்து எல்லாவற்றையும் இடுப்பில் செருகியிருந்த லேஞ்சித் துணியில் ஊற்றிப் பொத்திப் பிடித்துக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து ஆமென் சொன்னேன்.

அந்த லேஞ்சியைத் துவைக்கப் போட்டபோது கறையை, அந்தக் கிழமை விடுதியில் இருந்து வந்து நின்ற சீலா கண்டுவிட்டாள். அம்மா, நீங்கள் குடிக்கேல்லையோ எண்டு கேட்டாள். கை தட்டி ஊற்றுப்பட்டது என்றேன். அவள் நம்பவில்லை, நம்பினமாதிரிப் போய்விட்டாள். அதில் இருந்து எனக்கு ஒரே யோசனை. தகுதி இல்லாமல் அந்தப் பந்தியில் குடிக்கிறவன் தன்மேல் தண்டனையை வருவித்துக்கொள்கிறான் என்று சின்ன வயதில் இருந்து படித்தோம், குடிக்காமல் கொட்டினவளுக்கு என்ன என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. சைவக்காரர் கோயிலுக்குள் இந்தச் சனத்தை விடுகிறார்கள் இல்லை என்று எத்தனை பிரசங்கம் கேட்டு நாங்கள் தலையாட்டியிருப்போம். அவர்களாவது வாசலிலேயே கதவைச் சாத்துகிறார்கள். நாங்கள் கதவைத் திறந்து, வா சகோதரனே என்று கூப்பிட்டு, கடைசி வாங்கில் இருத்தி, கையில் புள்ளி போட்டதைக் கொடுக்கிறோம். எது பெரிய பாவம், நீ படித்தவன், நீ சொல். என் பாட்டனார் கிறிஸ்தவராகியபோது குடுமியை விட்டார், திருநீற்றை விட்டார், சொந்த அண்ணையின் வீட்டுப் படியை விட்டார். இதை மட்டும் விடவில்லை, விடு என்று அன்றைக்கு அவரிடம் கேட்டவர்களும் இல்லை. அடைக்கலநாதனிடம் வயிற்றுப் பிழைப்பையே விடச் சொன்ன சபை ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் என்னிடம் ஒரு துரும்பை விடச் சொல்லவில்லை.

இப்படி இருக்க, நாளைக்கு அடைக்கலநாதனின் பெண்சாதி வள்ளிக்கு ஞானஸ்நானம். புதன்கிழமை வாத்தியார் ஆள் அனுப்பி, இன்னொரு கிளாஸுக்கும் புள்ளி போட்டு வையுங்கோ எண்டு சொல்லிவிட்டார். பெயின்ற் பேணியைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். வியாழன் பின்னேரம் வள்ளிக்குக் கட்ட ஒரு வெள்ளைச் சேலையை எடுத்துக்கொண்டு அவர்கள் வளவுக்குப் போனேன். உண்மையில் சேலைக்காகப் போகவில்லை, இரண்டு மாதமாய் அடைக்கலநாதன் செபக்கூட்டத்துக்கு வருவதில்லை, எங்களைக் கண்டால் விலகிப் போகிறான், என்ன என்று போதகருக்கும் விளங்கவில்லை. போனவுடன் இளநீர் வெட்டித் தந்தான், எங்கடை செம்பு உங்களுக்குச் சரிவராது நாச்சியார் எண்டான். அக்கா என்று கூப்பிடச் சொல்லிப் போதகர் எத்தனை தரம் சொல்லியும் அவனுக்கு நாச்சியார் என்றுதான் வருகிறது. இளநீரைக் கூச்சமில்லாமல் குடித்தேன், இளநீருக்கு மட்டும் யார் தொட்டாலும் தீட்டில்லை பார். ஏன் கூட்டத்துக்கு வாறதில்லை என்று கேட்டேன். இளநீர் வெட்டின கத்தியைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான், மச்சான் மரத்தாலை விழுந்து கால் முறிஞ்சு கிடந்தவன் நாச்சியார், பாளையெல்லாம் பழுதாய்ப் போகுமெண்டு அழுதான், மூண்டு நாள் அவனுக்காக ஏறிக் குடுத்தனான், அது சபைக்குத் தெரிஞ்சுபோச்செண்டு எனக்கு அண்டைக்குத்தான் விளங்கினது, தட்டம் எனக்குக் கிட்ட வரேக்கை புள்ளி போட்டது அதிலை இல்லை, மற்றது கிடந்தது, நான் தொடேல்லை, எனக்கு இனி இல்லையெண்டு எடுத்துப்போட்டினமாக்கும் எண்டு பேசாமல் இருந்திட்டன் எண்டான். இரண்டு மாதமாய் ஒவ்வொரு வெள்ளியும் உபவாசம் இருக்கிறானாம். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் இரண்டு பேர் குடிக்கவில்லை மகன். புள்ளி வந்தபடியால் நான், வராதபடியால் அவன்.

உன்னை ஒருவரும் விலக்கவில்லை, தட்டம் மாறிப்போச்சு, பிழை எங்களுடையது என்று மட்டும் சொன்னேன். முழுவதையும் சொல்ல வாய் வரவில்லை. அந்த மனிசன் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். கர்த்தருக்குத் தோத்திரம் எண்டு இரண்டு கையையும் தூக்கினான். தூக்கிவிட்டுக் கேட்டான், அப்ப இந்தமுறை புள்ளி போட்டது எனக்கு வருமோ நாச்சியார். நான் ஓம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வள்ளி சேலையை மடித்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள். அவள் அவனைப்போல இல்லை, அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கும்.

இன்று காலை ஐயாவிடம் சொன்னேன், புள்ளியை அழிக்கப்போகிறேன், இரண்டாவதும் போடமாட்டேன் என்று. உனக்கென்ன விசரோ, நாலு குடும்பம் எழும்பிப் போனால் சபையை ஆர் நடத்திறது எண்டு கத்தினார். அண்டைக்கு அது என் கைக்கு வந்தது, நான் லேஞ்சியில் ஊற்றினேன் என்றேன். கதிரையில் இருந்தபடி என்னைப் பார்த்தார். நீ குடிக்கேல்லையோ எண்டு மெள்ளக் கேட்டார். இல்லை என்றேன். மனிசன் மத்தியானம் சரியாய்ச் சாப்பிடவில்லை. மண்ணெண்ணெயில் சீலைத் துண்டைத் தோய்த்துத் துடைத்தேன், புள்ளி போய்விட்டது. எல்லாவற்றையும் ஒன்றாய்ப் போட்டுக் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டேன், இனி எது அவனுடையது என்று எனக்கே தெரியாது. ஆறுதலாய் இருக்கும் என்று நினைத்தேன் மகன், இல்லை, இப்போது அத்தனை கிளாஸும் அவனுடையது போலவே கிடக்கிறது. ஒன்றை எடுத்துத் தண்ணீர் வார்த்துக் குடித்துப் பார்ப்போம் என்று குசினியில் நின்றேன். குடிக்கவில்லை.

வெயில் தாழ அடைக்கலநாதனிடம் போகவேண்டும். புள்ளியைத் தேடாதே, அதை வைத்தவள் நான், அழித்ததும் நான், எது வருகிறதோ அதை எடு என்று சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் அவன் நாளைக்கும் தொடமாட்டான். ஏன் வைத்தேன் என்றும் சொல்லத்தான் வேண்டும். சொல்லிவிடுவேன், அதற்கு எனக்குக் காலும் இருக்கிறது வாயும் இருக்கிறது. வள்ளியை முன் வாங்கில் எனக்குப் பக்கத்தில் முதல் ஆளாய் இருத்தப்போகிறேன், தட்டம் அவள் கையால் என்னிடம் வரும். நானும் ஒன்றை எடுப்பேன், வாய்வரைக்கும் கொண்டுபோவேன். தொண்டையால் இறங்குமோ என்பதுதான் தெரியவில்லை.

நீ சனிக்கிழமைகளில் தலை முழுகு, காய்ச்சலுக்குப் போடுகிற கொயினாக் குளிசையை நிறுத்திவிடாதே, சிநேகிதரிடம் எங்கள் சபையைப் பற்றிப் பெருமையாய்க் கதைக்காதே, நான் மறுபடி எழுதும் வரைக்கும் பொறு. தகப்பன் தாயின் ஆசீர்வாதமும் எல்லாருக்கும் மேலான பிதாவின் காவலும் உன்னோடு இருக்கட்டும். எனக்காக இதுவரைக்கும் சுகத்தைக் கேட்டுச் செபித்தாய், இந்த ஒருதரம் அதை விட்டுவிட்டு, அம்மா குடிக்க வேண்டும் என்று செபி. இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு கிழமை ஆகும், நாளைக்கு நடக்கிறது நடந்து முடிந்திருக்கும், என்றாலும் வாசித்த இடத்திலேயே முழங்காலில் நின்று செபி மகன், கர்த்தருக்கு முந்தினது பிந்தினது இல்லை.

உன் அன்புள்ள அம்மா,
றூத் பொன்மலர்