பாடியா, லென்ஸா

மே 11, சனி

மழை விட்ட பிறகும் மைதானம் சேறு. எங்கள் ரவுண்ட் ஹில் பெண்கள் ஆஸ்திரேலியக் கால்பந்து அணி ஜெயித்துவிட்டது. தோற்றது நான் மட்டும்தான். எடுத்த படங்களில் பாதிக்கு மேல் மங்கல்.

பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் பார்க்கும் வார்விக் சாயங்காலம் கூப்பிட்டான். "ராஸ், கெரலியோட முகம் கஞ்சியில விழுந்து எழுந்த மாதிரி இருக்கு. அணித் தலைவி முகத்தை இப்படிப் போட்டா அவ அம்மா என்னைத்தான் அடிப்பா." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வெளிச்சம் மோசம், கேமரா பழசு என்றேன். "அப்ப புதுசு வாங்கேன்" என்றான்.

வாங்கத்தான் வேண்டும். கேமராவின் பாடியை மாற்றுவதா, லென்ஸை மாற்றுவதா?

மே 12, ஞாயிறு

காலை முழுக்க இதே யோசனை. பாடிக்கு ஒன்பது வயது. வெளிச்சம் குறைந்தால் படத்தில் மணல் வாரி இறைத்ததுபோல் புள்ளி புள்ளியாக வருகிறது. புதியதில் அது இருக்காது. ஆனால் பாடி சீக்கிரம் பழசாகிவிடும், நல்ல லென்ஸ் என்றைக்கும் நிற்கும். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து எல்லோரும் சொல்வது அதுதான், நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பெரிய வாய் லென்ஸ் ஒன்று வந்தால் இப்போது கிடைப்பதைப்போல் இரண்டு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஷட்டரை வேகமாக வைக்கலாம். மங்கல் போய்விடும்.

இரண்டில் ஒன்றுதான் முடியும். இரண்டும் என்றால் என் கணவன் டூகல் ஓட்டும் பேருந்தை விற்க வேண்டும், அதுவோ பள்ளிக்கூடத்துடையது.

லென்ஸ்தான். கிட்டத்தட்ட முடிவு.

மே 16, வியாழன்

லான்செஸ்டன் போனேன். கடையில் ஒரு பையன், கழுத்தில் தையல்காரரின் அளவு டேப் மாதிரி கேமரா வார். பெரிய லென்ஸை மாட்டிக் கையில் கொடுத்தான்.

"கையில பிடிச்சு எடுப்பீங்களா, தாங்கி வச்சு எடுப்பீங்களா?"

"கையிலதான்."

"கனமா இருக்கா?"

இல்லை என்றேன். கனமாக இருந்தது. வியூஃபைண்டரில் தெருவுக்கு எதிரே இருந்த பேக்கரியின் பெயர்ப்பலகை ஆடிக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வலது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வெளியே வந்தேன். காரில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்தேன். குளிர். லான்செஸ்டன் எப்போதுமே எங்கள் பர்னியைவிடக் குளிர்.

பாடிதான் வாங்க வேண்டுமோ?

மே 25, சனி

வாங்குவதற்கு முன் பரீட்சை பண்ணிப் பார்க்கலாம் என்று லின்டனிடம் அவனுடைய பெரிய லென்ஸைக் கேட்டு வாங்கிப் போனேன். குதிரைப் பந்தயப் படங்கள் எடுக்கிறவன், லென்ஸைக் குழந்தை மாதிரி போர்வையில் சுற்றிக் கொடுத்தான்.

படங்கள் முன்னைவிட மோசம்.

எப்படி? இரண்டு மடங்கு வெளிச்சம், வேகமான ஷட்டர், இருந்தும் மோசம். லென்ஸில்தான் கோளாறு என்று அவனுக்குச் செய்தி அனுப்பினேன். உடனே கூப்பிட்டுவிட்டான். "என் லென்ஸையா சொல்றே? பொண்டாட்டியைச் சொல்லியிருந்தாக்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. அடுத்த சனிக்கிழமை நானே வர்றேன்."

வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

ஜூன் 1, சனி

வந்தான். இரண்டாம் கால்பகுதியில், "உன் கேமராவைக் குடு, உன் லென்ஸோடயே குடு" என்றான். நான் நின்ற இடத்திலேயே நின்றான். அதே வெளிச்சம், அதே வேலி, அதே பெண்கள். பத்து நிமிஷம் எடுத்துவிட்டுப் பின்திரையைக் காட்டினான்.

கெரலி வாயைத் திறந்து கத்துகிறாள். பல் உடையாமல் மாட்டியிருக்கும் ரப்பர் காப்பில் அழுக்குகூடத் தெரிகிறது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

என் பழைய பாடி. என் பழைய லென்ஸ்.

லின்டன் கிண்டல் பண்ணவில்லை. பண்ணியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ராஸ், நீ எப்படிப் பிடிச்சிருந்தே?" என்று மட்டும் கேட்டான். விரல் விறைத்துப்போச்சு என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைப் பக்கம் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். வெளியே கூட்டம் கத்தியது. யாரோ கோல் அடித்திருக்கிறார்கள். யாரென்று தெரியாது.

ஜூன் 2, ஞாயிறு

கோளாறு பாடியில் இல்லை. லென்ஸிலும் இல்லை.

ஜூன் 3, திங்கள்

அப்பாவுக்கு நடுக்கம் முதலில் வந்தது கட்டைவிரலில். மரம் ஏற்றும் லாரியின் ஸ்டியரிங்கில் அந்த விரல் தானாக எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும். டீசல் வண்டி அதிர்கிறது என்று சொல்வார். வண்டியை நிறுத்திய பிறகும் உருட்டும். அப்போது அவருக்கு அறுபத்தொன்று. எனக்கு இப்போது ஐம்பத்தொன்பது.

என் கட்டைவிரல் உருட்டவில்லை. சும்மா இருக்கும்போது ஆடுகிறதா? இப்போது பார்க்கிறேன். பார்த்தால் நின்றுவிடுகிறது. வேறு பக்கம் திரும்பி ஓரக்கண்ணால் பார்த்தால்—

ஐயோ, இது என்ன கூத்து. எனக்கு ஒண்ணுமில்லை. குளிர்தான். காபி ஜாஸ்தி. வயசு.

குளிர்னா இடது கை ஏன் சும்மா இருக்கு?

ஜூன் 9, ஞாயிறு

டூகலோடு சண்டை. டீ கொண்டுவந்து வைத்தான், பாதிக் கோப்பை. "பாலுக்குப் பஞ்சமா வீட்டுல? முழுசா ஊத்த முடியாதா?" என்று கத்தினேன். அவன் என் வலது கையைப் பார்த்தான். அந்தப் பார்வையில்தான் எனக்கு உறைத்தது. இன்றைக்கு மட்டும் இல்லை, மாசக்கணக்கில் பாதிக் கோப்பைதான். நான் சிந்திவிடக் கூடாது என்று.

"எப்ப இருந்து தெரியும்?"

"ஈஸ்டருக்கு முன்னால இருந்து."

"ஏன்டா சொல்லலை?"

"நீ எந்நேரமும் லென்ஸைப் பத்திப் பேசிட்டிருந்தே. பாடி நல்லதா லென்ஸ் நல்லதான்னு என்கிட்டயே கேட்டே, எனக்கு என்ன தெரியும்? ஆனா அதைப் பேசுறப்ப உன் முகம் தெளிவா இருந்துச்சு. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலை."

அப்புறம் நான் அழுதேன். அவன் அழவில்லை, போய்க் கோழிகளுக்குத் தீனி போட்டான். வழக்கமாக அந்நேரத்தில் போடமாட்டான்.

ஜூன் 18, செவ்வாய்

எங்கள் டாக்டர் கையை நீட்டச் சொன்னாள், மடக்கச் சொன்னாள். நரம்பு டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதினாள். ஆகஸ்டில்தான் இடம் கிடைத்தது. அதுவரை?

அதுவரை கேமரா இணையதளங்களைப் பார்க்கிறேன். பைத்தியம்தான். ஒருவேளை வேறு ஏதாவதாக இருந்தால், தைராய்டு, வைட்டமின், ஏதோ ஒன்று—அப்போது லென்ஸ் வாங்கலாம். அதுவாகவே இருந்தால்? அப்பா கடைசியில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் அம்மாவை வையும் சத்தம் நினைவுக்கு வருகிறது. பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறக்கிறேன்.

ஜூலை 6, சனி

ஆட்டம் முடியும் சைரனுக்குச் சற்று முன் பந்தைப் பிடித்துவிட்டதால் கெரலிக்கு ஒரே ஒரு உதை பாக்கி. அடித்தால் வெற்றி, தப்பினால் தோல்வி. எல்லைக்கோட்டருகே நான்தான் அவளுக்கு மிகக் கிட்டே இருந்தேன். மைதானம் மூச்சுப் பிடித்து நின்றது. என் கை நிற்கவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். ஷட்டரை அமுக்க விரல் மிச்சமில்லை.

பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

கார்டு பழுதாகிவிட்டது என்று வார்விக்கிடம் சொன்னேன். "போன வாரம் பேட்டரி, இந்த வாரம் கார்டா? அடுத்த வாரம் என்ன, நாய் தின்னுடுச்சா?" என்றான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

கெரலி ஓடிவந்து சேற்றோடு என்னைக் கட்டிக்கொண்டாள். "எடுத்தீங்கல்ல ராஸ்? எங்கம்மாவுக்கு ஃபிரேம் போட்டுத் தரணும்." எடுத்தேன் என்றேன். கடவுளே, எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

கெரலி வேலை செய்யும் மீன்கடைக்குப் போய் எடுக்கவில்லை என்று சொன்னேன். காரணம் சொல்லவில்லை. "பரவாயில்லை" என்று சொல்லி மீனைத் தாளில் மடித்தாள். பரவாயில்லை என்கிற முகம் அதில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

டாக்டர் ஹால்வர்சன் என்னைவிடச் சின்னவள். நடக்கச் சொன்னாள், விரலைத் தட்டச் சொன்னாள், ஒரு வாக்கியம் எழுதச் சொன்னாள். எழுத்து போகப் போகச் சின்னதாகிறது என்று காட்டினாள். எனக்கு அது தெரியவே தெரியாது. (இந்தப் பக்கத்தைப் பெரிதாக எழுதுகிறேன்.)

பார்க்கின்சன். ஆரம்பம்தான். பெயரைச் சொல்லிவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். டூகல் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"எங்கப்பாவுக்கும் இதான்" என்றேன்.

"அவருக்குப் போன மாதிரியே உங்களுக்கும் போகணும்னு இல்லை. அப்ப இருந்த மருந்தும் இப்ப இருக்கிறதும் ஒண்ணில்லை. மாத்திரை ஆரம்பிப்போம், நடங்க, ஏதாவது பண்ணிட்டே இருங்க."

கேட்க எத்தனையோ இருந்தது. வாயில் வந்தது இதுதான். "ஒரு லென்ஸ் வாங்கலாம்னு இருந்தேன். மூணு வருஷம் கழிச்சு என்னால அதைத் தூக்க முடியுமா?"

அவள் சிரிக்கவில்லை. "எவ்வளவு கனம்?"

"ஒன்றரை கிலோ. கேமராவோட இன்னும் ஜாஸ்தி."

"மூணு வருஷத்தை என்னால சொல்ல முடியாது. இன்னிக்கே அதை எதுக்குத் தூக்கணும்? லேசானதுல எடுக்க முடியாதா?"

முப்பது வருஷமாக இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

லின்டனிடம் முதலில் சொன்னேன். ஜூன் மாதமே யூகித்தானாம்.

பிறகு மேசையில் உட்கார்ந்து கணக்கு வேறு மாதிரி போட்டோம். பெரிய லென்ஸ் வேண்டாம். அது கை ஆட்டத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். புதிய பாடி லேசானது, கை ஆடுவதை உள்ளேயே ஓரளவு சரிக்கட்டும், இருட்டிலும் புள்ளி விழாது. என்னிடம் இருக்கும் சின்ன லென்ஸ்களை ஒரு இணைப்பு வளையம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

"ஆனா சின்ன லென்ஸ்னா நீ கிட்டப் போகணும்" என்றான்.

"மைதானத்துக்குள்ளேயா? நடுவர் துரத்துவாரே."

"உன் ஓட்டத்துக்கு அவர் நடந்தே பிடிச்சுடுவார்."

மே மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் அணிப் பெண்களிடம் சொல்ல வேண்டுமே. சொன்னதும் பாவம் பார்ப்பார்களே.

ஆகஸ்ட் 24, சனி

ஆட்டத்துக்கு முன்னால் உடைமாற்றும் அறையில் சொன்னேன். பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துக் காட்டினேன். அது நன்றாகவே ஆடிக் காட்டியது. தைலம் வாசனை, யாரோ டேப் கிழிக்கும் சத்தம். ஜூலையில் கெரலியின் உதையை ஏன் தவறவிட்டேன் என்றும் சொன்னேன்.

கெரலிதான் முதலில் பேசினாள். "அப்ப இனிமே என் முகம் படத்துல தெளிவா விழாதா?"

"மே மாசத்துல இருந்தே விழலை."

"அடப்பாவி. நான் என் மூஞ்சியே அப்படின்னு நினைச்சுட்டிருந்தேன்."

அறையே வெடித்துச் சிரித்தது. சிரித்து முடிந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மூக்கை ஜெர்சியில் தேய்த்தாள். நான் சின்ன லென்ஸைப் பற்றி, கிட்டப் போவதைப் பற்றிச் சொன்னேன். "இங்கயே இருங்க. ஆம்பளை போட்டோகிராபர் எவனும் இந்தக் கதவைத் தாண்ட முடியாது" என்றாள்.

செப்டம்பர் 14, சனி

இறுதி ஆட்டம். இரண்டே புள்ளியில் தோற்றோம்.

மைதான ஓரத்தில் லின்டன், அவனுடைய போர்வை லென்ஸோடு. நான் உடைமாற்றும் அறைக்குள்ளே, புதிய பாடியோடு. பயம் போகவில்லை. ஆட்டம் முழுக்க வெற்று அறையில் உட்கார்ந்து வெளியே கத்துவதைக் கேட்டபடி, வேலை தெரியாதவள் மாதிரி பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு வந்தார்கள். கெரலி தரையில் உட்கார்ந்து முழங்காலில் பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டு விரல்களில் சுற்றிய டேப்பைப் பல்லால் பிரித்தாள். அவள் அம்மா பின்னால் வந்து மகளின் தலையில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்தாள். நான் பெஞ்சில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டேன். கை ஆடும், கொஞ்சம் அடங்கும், மறுபடி ஆடும். அடங்கும்போது அமுக்கினேன். அவர்கள் எங்கேயும் ஓடவில்லை. எனக்கு நேரம் இருந்தது.

வீட்டில் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். டூகல் தோளுக்குப் பின்னால். "புல் தெரியுதே" என்றான். சில மங்கல்தான். ஆனால் புல் தெரிந்தது. அம்மாவின் நகத்தில் மீன்செதில்கூடத் தெரிந்தது. அவளுக்கும் அதே மீன்கடையில்தான் வேலை.

செப்டம்பர் 18, புதன்

வார்விக்கிடமும் கையைப் பற்றிச் சொல்லி அறைப் படங்களை அனுப்பியிருந்தேன்; இன்று கூப்பிட்டான். அடுத்த சீசனுக்கு அனுமதி அட்டை எழுதுகிறார்களாம். "உனக்கு என்னன்னு போட? மைதான ஓரமா, உள்ளேயா?"

உள்ளே என்றேன்.